வெற்றுப் பொத்தான் விசாரம்

கம்பன் பிறந்த காலம் எது, வள்ளுவர் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவர், ஜீவாத்மாவுக்கும் பரமாத்மாவுக்கும் உள்ள சம்பந்தம் பேதமா அபேதமா என்பன போன்ற விஷயங்களைப் பற்றி நம் பெரியோர்கள் எழுதிக் குவித்திருக்கும் வியாசங்களை அடுக்கி வைத்தால் ஒரு மோட்டார் ஷெட் நிரம்பிவிடும், ஆனால் அந்த ஷெட்டில் நிறுத்துவதற்காகப் புதிய வண்டி ஒன்று வாங்கப் புறப்பட்ட சாமானிய கிருகஸ்தன், கம்பெனியை நிச்சயம் செய்து, மாடலை நிச்சயம் செய்து, மனைவியின் சம்மதத்தோடு நிறத்தையும் நிச்சயம் செய்துவிட்டு, கவலை தீர்ந்ததென்று நாற்காலியில் சாய்கிற சமயத்தில், "எந்த வேரியண்ட் சார்?" என்ற கேள்விக்கு விடை தெரியாமல் விழிக்கிறானே, அந்த அவஸ்தையைப் பற்றி எந்தப் பண்டிதரும் வாய் திறந்ததாக நான் அறியேன். அந்தக் குறையை நிவர்த்தி செய்யும் பொருட்டு, முழுக்க முழுக்க என் சொந்தப் பணத்தைச் செலவிட்டு நடத்திய ஆராய்ச்சியின் பலனை இங்கே சமர்ப்பிக்கிறேன்.

ஆடி கழியட்டும் என்று காத்திருந்து, ஆவணியில் முதல் முகூர்த்த நாளன்று, நானும் என் மைத்துனரும் நகரத்தின் பெரிய ஷோரூம் ஒன்றுக்குப் போனோம். கண்ணாடிக் கூடத்தின் நடுவே மூன்று வண்டிகள் விளக்கொளியில் மினுமினுத்துக்கொண்டு நின்றன. மூன்றும் டாப் எண்ட். நான் விசாரித்த பேஸ் மாடலைக் காணோமே என்று கேட்டதற்கு, எங்களுக்கு வாய்த்த விற்பனை இளைஞர் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு, "அது பின்னால யார்டுல இருக்கு சார்" என்றார். விருந்தாளிகள் வந்திருக்கும் வீட்டில், வேலைக்குப் போகாத மூத்த பிள்ளையை எங்கே என்று யாராவது விசாரித்துவிட்டால் பெற்றவர்கள் பதில் சொல்லும் குரல் அது.

பின்கட்டில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், மேலெல்லாம் புழுதியும் ஆசனங்களில் பாலிதீன் உறையுமாக அது நின்றது. ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங்குக்கு வலப்புறம், முழங்காலுக்குச் சற்று மேலே, வரிசையாக ஐந்து சதுரங்கள் இருந்தன. ஒன்றில் மட்டும் முன்விளக்கின் ஒளியை ஏற்றி இறக்கும் குறி வெள்ளைக் கோடுகளால் தீட்டப்பட்டிருந்தது. மற்ற நான்கும் அதே அளவு, அதே கறுப்பு, அதே வழவழப்பு. குறி மட்டும் இல்லை. ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினேன். சுவரை அழுத்தினாற்போல் இருந்தது. "அது டம்மி சார், டாப் எண்ட்ல நாலும் வேலை செய்யும்" என்றார் இளைஞர்.

இந்த இடத்தில் தர்க்க சாஸ்திரத்தின் உதவி நமக்கு அத்தியாவசியமாகிறது. வைசேஷிகர்கள் உலகத்துப் பதார்த்தங்களை எண்ணிக்கொண்டே வந்து, ஏழாவதாக 'அபாவம்', அதாவது இன்மை, என்ற ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்கள். குடம் இல்லாத தரையைப் பார்க்கிறவன் வெறும் தரையை மட்டும் பார்க்கவில்லை, குடத்தின் இன்மையையும் கூடவே பார்க்கிறான் என்பது அவர்கள் கொள்கை. காலேஜில் படித்த காலத்தில், இல்லாத ஒன்றை எப்படி ஐயா பார்ப்பது என்று நான் இதைப் பரிகாசம் செய்ததுண்டு. அந்த யார்டில், அந்த நான்கு சதுரங்களின் முன்னே, பரிகாசத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன். அபாவத்தை அச்சில் வார்த்து, பிளாஸ்டிக்கில் செய்து, தினந்தோறும் காலையில் ஆபீசுக்குப் புறப்படும்போது கண்ணில் படுகிற இடத்தில் பொருத்தியிருந்தார்கள்.

அபாவம் நான்கு வகைப்படும் என்பதும் அவர்கள் சொன்னதே. வேரியண்ட் தத்துவத்துக்கு அந்தப் பாகுபாடு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. இன்று இல்லை, நாளை உண்டாகலாம் என்பது பிராகபாவம்: பின்புறக் காமெராவும் பனிவிளக்கும் இந்த ஜாதி. ஒருக்காலும் உண்டாகாது என்பது அத்யந்தாபாவம்: சன்ரூஃப் இந்த ஜாதி, அதை அப்புறம் பொருத்திக்கொள்ளலாம் என்று கூரையை அறுத்தவன் முதல் ஐப்பசி மழையில் தன் தவற்றை உணர்வான். இருந்தது அழிந்துபோவது பிரத்வம்ஸாபாவம்: சென்ற வருஷம் இதே வேரியண்டில் கொடுத்ததை இந்த வருஷம் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, விலையை மட்டும் பழையபடியோ அதற்கு மேலோ வைத்திருப்பார்கள். கடைசியாக அன்யோன்யாபாவம், குடம் துணியன்று, துணி குடமன்று என்பது. என் வண்டி அடுத்த வீட்டுக்காரர் வண்டியன்று என்ற ஞானம் இதில் அடங்கும். மனிதனைத் தூங்கவிடாமல் செய்வதில் நான்காவதே முதலிடம் பெறுவது.

சரித்திரத்தை நீட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஹென்றி ஃபோர்டு 1914 முதல் 1925 வரை தமது மாடல் டி வண்டியைக் கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்றார். வாங்கினவர்களுக்கு மனக்கிலேசம் ஏதும் உண்டாக வழியில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃப்ரெட் ஸ்லோன், ஒவ்வொரு பணப்பைக்கும் ஒவ்வொரு வண்டி என்ற கொள்கையை 1924இல் பிரகடனம் செய்து, ஷெவர்லேயில் தொடங்கி காடிலாக் வரையில் ஒரு படிக்கட்டைக் கட்டினார். அந்தப் படிக்கட்டு ஒரே வண்டிக்குள்ளேயும் புகுந்துகொண்டதுதான் பிற்கால விபரீதம். நம் நாட்டில் அம்பாஸடருக்கோ ஃபியட்டுக்கோ பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவருக்கு, வந்து சேர்ந்த வண்டிக்கு நான்கு சக்கரம் இருந்ததே பாக்கியம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதுகூட, ஏ.சி. உண்டா இல்லையா என்பதற்கு மேல் தலையைப் பிய்த்துக்கொள்ள அதிகம் இல்லை.

இப்போதோ நாமகரணத்திலேயே தலை சுற்றுகிறது. மாருதியின் எல்.எக்ஸ்.ஐ., வி.எக்ஸ்.ஐ., இசட்.எக்ஸ்.ஐ. என்ற வரிசையையாவது மந்திர பீஜங்கள் என்று எண்ணி மனனம் செய்துவிடலாம். அதே கம்பெனியின் பலேனோ வண்டிக்கு, கீழிருந்து மேலாக, சிக்மா, டெல்டா, ஜீட்டா, ஆல்ஃபா என்று பெயர். கிரேக்க நெடுங்கணக்கில் இவை முறையே பதினெட்டாவது, நான்காவது, ஆறாவது, முதலாவது எழுத்துகள். இது ஏறுவரிசையும் அன்று, இறங்குவரிசையும் அன்று. பிளேட்டோவே ஷோரூமுக்கு வந்தாலும் டெல்டாவுக்கு மேல் ஜீட்டா எப்படிப் போயிற்று என்று கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கட்டுவார். இன்னொரு கம்பெனி, எழுத்துகளுக்குப் பின்னே அடைப்புக்குறி போட்டு அதற்குள் ஓர் 'ஓ' வைக்கிறது. அது 'ஆப்ஷனல்' என்பதன் சுருக்கமாம். விருப்பம்போல் பொறுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்து, "எனக்கு அந்தப் பின்னிருக்கை ஏ.சி. துவாரம் மட்டும் போதும், மற்றவை வேண்டாம்" என்றேன். "அப்படிப் பிரிச்சுத் தர முடியாது சார், எல்லாம் சேர்ந்துதான் வரும்" என்றார் இளைஞர். விருப்பம் என்ற சொல்லை அடைப்புக்குறிக்குள் பூட்டி வைத்திருப்பதன் தாத்பரியம் அப்போது விளங்கிற்று.

வாங்குகிறவர்களில் இரண்டு சம்பிரதாயத்தார் உண்டு. வைஷ்ணவத்தில் வடகலையார் மர்க்கட நியாயத்தையும் தென்கலையார் மார்ஜார நியாயத்தையும் சொல்லுவார்கள். குரங்குக் குட்டி தானே தாயைப் பற்றிக்கொண்டு தொங்கும். பூனைக் குட்டி சும்மா கிடக்கும், தாயே கவ்விக்கொண்டு போகும். பேஸ் மாடலை வாங்குகிறவர் குரங்குக் குட்டி. வண்டியை டெலிவரி எடுத்த மறுநாளே சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு ஓட்டிக்கொண்டுபோய், நடைபாதையோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சீட் கவர் ஒரு கடையிலும், மியூசிக் சிஸ்டம் ஒரு கடையிலும், மேட் இன்னொரு கடையிலுமாகத் தம் சொந்தப் பிரயத்தனத்தால் மோட்சம் தேடுவார். "கப்ளர் டு கப்ளர் சார், ஒயரை வெட்டவே மாட்டோம், வாரண்டி போகாது" என்பது அந்த வீதியின் சரம சுலோகம். டாப் எண்டை வாங்குகிறவரோ பூனைக் குட்டி. 'நீயே கதி' என்று கம்பெனியின் காலில் விழுந்து, வாயில் கவ்வக் கொடுத்துவிடுவார். என் மைத்துனர் பூனை. நான் பிறவிக் குரங்கு.

அந்த வீதியில்தான் என் ஆராய்ச்சிக்கு முக்கியமான பிரத்யட்சப் பிரமாணம் கிடைத்தது. முன்னொரு சமயம் நண்பர் ஒருவருடைய பேஸ் மாடலுக்குப் பின்கதவு ஸ்பீக்கர் மாட்டப் போயிருந்தோம். மெக்கானிக் பையன் கதவின் உட்பலகையைப் பிளாஸ்டிக் நெம்புகோலால் கழற்றினான். உள்ளே ஸ்பீக்கருக்கான வட்டத் துவாரம் தயாராக இருந்தது. அதன் ஓரத்தில், சிறு பஞ்சுப் பட்டை சுற்றி, ஒயரும் கப்ளரும் யாருக்காகவோ காத்துக்கொண்டிருந்தன. கம்பெனி ஒயரை இழுத்திருக்கிறது, துவாரம் போட்டிருக்கிறது, கடைசியில் ஸ்பீக்கரை மட்டும் போடாமல் மூடியிருக்கிறது. இது சிக்கனம் ஆகாது. சிக்கனமானால் ஒயரை அல்லவா முதலில் மிச்சம் பிடித்திருக்க வேண்டும்?

இந்தப் புதிரை மோட்டாரே இல்லாத காலத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் விடுவித்துவிட்டார். ஜூல் துப்யுயி என்ற பாலப் பொறியாளர், 1849இல், ரயிலின் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரை போடாததைப் பற்றி எழுதினார். கூரைக்கு ஆகும் சில ஆயிரம் பிராங்குகளை மிச்சம் பிடிப்பது கம்பெனியின் நோக்கமன்று. இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்கக்கூடியவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்பதே நோக்கம். ஏழையின் தலையில் மழை பெய்வது ஏழையின் மேலுள்ள கோபத்தினால் அன்று, அடுத்த பெட்டிக்காரனைப் பயமுறுத்துவதற்காகவே என்பது அவர் சித்தாந்தத்தின் சாரம். வெற்றுப் பொத்தான் கூரையில்லாத பெட்டி. அதைப் பார்த்து யார்டிலிருந்து கூடத்துக்கு ஓடிவருகிறவனே கம்பெனியின் இலட்சிய வாடிக்கைக்காரன். ஜெர்மானிய பி.எம்.டபிள்யூ. கம்பெனி இந்தச் சித்தாந்தத்தை அதன் உச்சிக்கே கொண்டுபோயிற்று. சில நாடுகளில் ஆசனத்தைச் சூடாக்கும் கருவியை வண்டியிலேயே பொருத்திக் கொடுத்துவிட்டு, சந்தா கட்டினால்தான் சூடேறும் என்று ஏற்பாடு செய்தது 2022இல் ஊர் சிரிப்பாய்ச் சிரித்தது. மறு வருஷம் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள்.

பயமுறுத்தலுக்கு அடுத்தது படியேற்றம். "ஜஸ்ட் அம்பதாயிரம்தான் டிஃபரன்ஸ் சார், இ.எம்.ஐ.ல பார்த்தா மாசம் ஆயிரத்து நாப்பது ரூபாதான்" என்று இளைஞர் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார். மாசம் ஆயிரத்து நாற்பதுக்காக ஒரு மனிதன் தன் ஆயுளைக் குறியில்லாத சதுரங்களின் எதிரே கழிக்கலாமா? சபலம் தட்டிற்று. ஆனால் ஆன்ரோடு விலையைப் போட்டுக் காட்டச் சொன்னேன். ஷோரூம் விலை என் வேரியண்டுக்கு 9,90,000, மேல்படிக்கு 10,40,000. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து, ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையுள்ள வண்டிக்குச் சாலை வரி 13 சதவீதம். அதைத் தாண்டினால், இருபது லட்சம் வரை, 18. முன்னதற்கு 1,28,700, பின்னதற்கு 1,87,200. பத்து லட்சத்துக்கு மேற்பட்டதால் வருமான வரிக் கணக்கில் ஒரு சதவீத முன்பிடித்தம் 10,400 வேறு. ஆக, அந்த ஐம்பதாயிர ரூபாய்ப் படியின் உயரம் 1,18,900 ரூபாய். கணக்கைக் கண்டு இளைஞர் அசரவில்லை; "ரீசேல் வேல்யூ இருக்கு சார்" என்றார்.

அற்ப விஷயம் என்று சிரித்துக்கொண்டே வருகிறவனுக்குச் சிரிப்பு நின்றுபோகிற இடமும் ஒன்று உண்டு. உயிர் காக்கும் காற்றுப் பையும் நம் நாட்டில் நெடுங்காலம் மேல்படிச் சரக்காகவே இருந்தது. 2019 ஜூலையிலிருந்து ஓட்டுகிறவருக்கு ஒரு பை கட்டாயம் என்று சட்டம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் அது எல்லா வண்டிகளிலும் கட்டாயமாக 2021 முடிய வேண்டியிருந்தது. இடைப்பட்ட இரண்டரை வருஷம், கீழ்ப்படி வண்டிகள் சிலவற்றில், கணவன் எதிரே பை, சகதர்மிணி எதிரே மூடிபோட்ட வெற்றிடம். அந்த அபாவத்தை எந்த வகையில் சேர்ப்பது என்று தர்க்க சாஸ்திரத்தைப் பார்த்தேன். சேர்க்க மனம் வரவில்லை.

சன்ரூஃபைப் பற்றி ஒரே வார்த்தை. நம் பாட்டன்மார் வீட்டு நடுவே முற்றம் வைத்து வானத்தை உள்ளே விட்டார்கள். நாம் அதற்குக் கம்பி போட்டு, தகரம் போட்டு, கடைசியில் கான்கிரீட்டே போட்டு மூடிவிட்டு, வண்டியின் உச்சியில் அதே வானத்தைத் தவணை முறையில் வாங்குகிறோம். வேலூர் வெயிலில் அதைத் திறந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் மைத்துனர் வாங்கினார்.

நான் என் குரங்குப் புத்தியின்படி கீழ்ப்படிக்கே முன்பணம் கட்டினேன். "டாப் எண்டுன்னா நாளைக்கே டெலிவரி சார், உங்களுக்கு மூணு மாசம் ஆகும்" என்றார்கள். கார்த்திகையில் வண்டி வந்தது. மேட், மட் ஃப்ளாப், பாடி கவர் அடங்கிய கிட் ஒன்றை நான் கேளாமலே பில்லில் சேர்த்திருந்ததை அடித்துவிட்டு, எலுமிச்சம் பழத்தின்மேல் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான்கு வெற்றுப் பொத்தான்களும் நாளடைவில் பழகிப்போயின. கோவில் பிரசாத விபூதிப் பொட்டலத்தைச் செருக ஒன்றின் விளிம்பு சௌகரியமாகக்கூட இருக்கிறது.

தைப் பொங்கலுக்கு மைத்துனர் தம் டாப் எண்டில் வந்து இறங்கினார். "உட்கார்ந்து பாருங்க அத்தான்" என்று சாவியைக் கொடுத்தார். உட்கார்ந்தேன். ஸ்டியரிங்குக்கு வலப்புறம் நான்கு பொத்தான்கள் குறியோடு ஒளிர்ந்தன. பெருமூச்சு விட்டுக்கொண்டு கையை எடுக்கப் போனபோது, கியர் கம்பத்தின் பின்னே, கோப்பை வைக்கும் குழிக்கு அருகில், இரண்டு சிறு சதுரங்கள் பக்கம் பக்கமாக இருப்பது கண்ணில் பட்டது. குறி இல்லை. அழுத்தினேன். சுவர்.

"இது எதற்கு?" என்று கேட்டேன்.

மைத்துனர் குனிந்து பார்த்தார். வாங்கி ஐந்து மாதத்தில் அதை அவர் கவனித்ததே இல்லை. பனி பெய்யும் தேசங்களுக்குப் போகும் வண்டியில் அந்த இடத்தில் ஆசனத்தைச் சூடாக்கும் பொத்தான் இருக்கும்போலும் என்று என் ஊகத்தைச் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. கட்டைவிரலால் ஒரு தரம் அழுத்தினார், மறுபடியும் அழுத்தினார். சர்க்கரைப் பொங்கல் ஆறுகிறதென்று உள்ளேயிருந்து இரண்டு முறை கூப்பிட்டும் அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை.