சிங்கம் இல்லாத சஃபாரி

கேள்வி: ஆபிரிக்காவில் இலகுவாகப் போய்ப் பார்க்கக்கூடிய தேசிய பூங்கா எது? (தர்மபுரம்)

பதில்: நைரோபி. நகரின் நடுவிலிருந்து ஏழே கிலோமீற்றர். 1946 இல் தொடங்கிய, கென்யாவின் முதல் தேசிய பூங்கா. அங்கே சிங்கத்துக்குப் பின்னால் மாடிக் கட்டடங்கள் தெரியும். ஆனால் கண்டாவளையில் இருப்பவருக்கு அதைவிடக் கிட்ட சுண்டிக்குளம் தேசிய பூங்கா இருக்கிறது. விசாவும் வேண்டாம்.

கேள்வி: சுண்டிக்குளத்தில் சிங்கம் உண்டா? (பரந்தன்)

பதில்: இல்லை. பூநாரை உண்டு.

கேள்வி: அது ஏன் எங்கள் உப்புத் தண்ணீரைத் தேடி வருகிறது? (முரசுமோட்டை)

பதில்: சாப்பாட்டுக்கு! இரணைமடுவில் இருந்து கனகராயன் ஆறு நன்னீரைக் கொண்டுவந்து சுண்டிக்குளத்தைத் தொடும் ஆனையிறவுக் கடல்நீரேரியில் விடுகிறது. மறுபக்கம் கடல் உப்பைத் தருகிறது. ஆழமில்லாத அந்தச் சேற்றுத் தண்ணீரில் சின்ன இறாலும் புழுவும் பெருகும். பூநாரை அலகைத் தலைகீழாக அமிழ்த்தி, தண்ணீரை வடித்துவிட்டு இரையை மட்டும் எடுக்கும். அதன் இளஞ்சிவப்பும் அந்த இரை கொடுத்த நிறம்தான். கென்யாவின் நகுரு ஏரிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது சிறு பூநாரை. இங்கே நிற்பது அதைவிட உயரமான பெரும் பூநாரை. கூடவே வடக்கு ஆசியாவிலிருந்து குளிருக்குத் தப்பி வரும் ஊசிவால் வாத்துகளும் இறங்கும்.

கேள்வி: எப்போது, எப்படிப் போவது? (கிளிநொச்சி)

பதில்: மாரி மழை ஓய்ந்த தை, மாசியில், விடியற்காலையில். மதிய வெயிலில் கானல்தான் தெரியும். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் தர்மபுரம் வரை பஸ். பிறகு வடக்கே மோட்டார் சைக்கிள்.

கேள்வி: தேசிய பூங்கா ஆனதால் எங்களுக்கு என்ன லாபம்? (கண்டாவளை)

பதில்: 1938 இல் சரணாலயம், 2015 ஜூன் 22 இல் தேசிய பூங்கா, 19,565 ஹெக்டேயர். லாபம் வர்த்தமானியில் இருந்து வராது. நீரேரியில் வலை போடுபவருக்கு எந்தத் திட்டில் பறவை நிற்கும், எங்கே சேறு ஆளை இழுக்கும் என்று தெரியும். அவர்களின் பிள்ளைகளைப் பயிற்றுவித்து வழிகாட்டிகளாக்கினால் காசு இந்தக் கரையிலேயே நிற்கும். வெளியூர் ஜீப்காரரிடம் அந்த வேலையைக் கொடுப்பது அநியாயம்.

கேள்வி: ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுக்கலாமா? (விசுவமடு)

பதில்: வேண்டவே வேண்டாம். பூநாரை தண்ணீரில் ஓடி வேகமெடுத்துத்தான் எழும்பும். ஒவ்வொரு தடவை கலைக்கும்போதும் அது தின்று சேர்த்த பலம் வீணாகிறது. கரையில் நின்று தொலைநோக்கியால் பாருங்கள். கொண்டுபோன பொலித்தீனைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.