பச்சை டிக் போட்ட புண்ணியவான்களுக்கு

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் நலப் பிரிவு, டேப்லெட் தயாரிக்கும் நிறுவனம்.

பொருள்: உயிரோடு இருக்கும் டேப்லெட்டுக்குத் தாங்கள் கருமாதி செய்துவிட்டது தொடர்பாக.

பார்வை: நான் அனுப்பிய மூன்று மின்னஞ்சல்கள், தாங்கள் அனுப்பிய மூன்று ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர், அல்லது தானியங்கி அவர்களே,

2018 பொங்கல் தள்ளுபடியில் தங்களுடைய பத்து அங்குல டேப்லெட் ஒன்றை வாங்கினேன். பொருளைக் குறை சொல்ல வரவில்லை. கண்ணாடியில் கீறல் இல்லை, பேட்டரி உப்பவில்லை, சின்னவன் இரண்டு தடவை மொட்டைமாடிப் படியில் உருட்டிவிட்டும் ஸ்பீக்கர் கத்துகிறது. இவ்வளவு உழைக்கும் என்று நீங்களே எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

அதில் ‘மென்பொருள் புதுப்பிப்பு’ என்ற இடத்தைத் தொட்டால் ஒரு வட்டம் சுற்றும். பிறகு பச்சை டிக்கோடு, ‘உங்கள் சாதனம் புதுப்பித்த நிலையில் உள்ளது’ என்று வரும். இரண்டு வரி கீழே, கடைசிப் பாதுகாப்புத் திருத்தம்: ஆகஸ்ட் 2019. இரண்டுமே உண்மைதான். நீங்கள் கடைசியாக அனுப்பியது என்னிடம் இருக்கிறது. அதன்பிறகு நீங்கள் அனுப்பவே இல்லை. ரேஷன் கடையை இழுத்துப் பூட்டிவிட்டு, கார்டில் ‘பாக்கி ஏதுமில்லை’ என்று எழுதித் தரும் சாமர்த்தியம் இது.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த தம்பி நல்ல பையன். “சார், இதுக்கு அப்டேட் எல்லாம் நின்னுபோச்சு. எக்ஸ்சேஞ்சுல போட்டா 600 ரூபாய் கழிச்சுக்கலாம்” என்றார். “என்ன ரிப்பேர்?” என்று கேட்டேன். “ரிப்பேர் ஒண்ணும் இல்ல சார், பழசு” என்றார்.

எனவே திறந்த மூல மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். முதல் படி, அமைப்புகளில் இருக்கும் ‘பில்ட் நம்பர்’ என்ற வரியை ஏழு தடவை தட்டுவது. தட்டினால், ‘நீங்கள் இப்போது டெவலப்பர்’ என்று கருவி வாழ்த்துகிறது. கல்லூரியில் சி நிரல்மொழியில் மூன்று முறை அரியர் வைத்தவன் நான். உங்களால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை இந்தப் பட்டம்தான்.

அடுத்தது மூலநிரல். உள்ளே ஓடும் மென்பொருளின் மையமான லினக்ஸ் கெர்னல் நீங்கள் எழுதியதல்ல. 1991-இல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. 1992 முதல் ஜிபிஎல் உரிமத்தில் இருப்பது. எடுத்துக்கொள், மாற்றிக்கொள், காசுக்கு விற்றுக்கொள், ஆனால் வாங்கியவருக்கு மூலநிரலைக் கொடு என்பதுதான் அந்த உரிமத்தின் சாரம். கேட்டேன். நான்கு மாதம் கழித்து ஒரு ஜிப் கோப்பு வந்தது. கெர்னல் 3.18, அதாவது டிசம்பர் 2014-இல் வெளியான சரக்கு. அதுகூடப் பரவாயில்லை. டிவைஸ் ட்ரீ கோப்புகளைக் காணோம்.

தாங்கள் அறியாததல்ல, இருந்தாலும் சொல்கிறேன். பழைய கம்ப்யூட்டர் என்றால் லினக்ஸ் பென்டிரைவைச் செருகினாலே பெரும்பாலும் எழுந்துவிடும். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அதன் பயாஸே சொல்லிவிடும். டேப்லெட் அப்படி வாய் திறக்காது. தொடுதிரை எந்த இணைப்பில், ஒலி எந்த இணைப்பில் என்பதை அந்த டிவைஸ் ட்ரீ கோப்புதான் கெர்னலுக்குச் சொல்ல வேண்டும். அது இல்லாத மூலநிரல், மண்டபத்தின் பெயர் அச்சடிக்காத கல்யாணப் பத்திரிகை. வரச் சொல்கிறீர்கள், எங்கே என்றுதான் சொல்லவில்லை.

வேறு மென்பொருளை ஏற்றவிடாமல் தடுக்கும் பூட்லோடர் பூட்டின் சாவியையும் நீங்கள் தரவில்லை. அந்த விஷயத்தில் உங்கள் வக்கீல்களைப் பாராட்டியே ஆகவேண்டும். 2007-இல் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு, வீட்டு உபயோகக் கருவிகளில் மாற்றிய மென்பொருளை நிறுவத் தேவையான தகவலையும் கொடு என்கிறது. கெர்னலோ இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது. அந்த இடுக்கில்தான் நீங்கள் குடியிருக்கிறீர்கள். வைக்கோல்போரில் படுத்த நாய்க்கதை நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

பூட்டைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஊரறிந்த சாட்சி 2013-இல் வந்த நெக்ஸஸ் 7 டேப்லெட். கூகுள் அதை ஆண்ட்ராய்டு 6-உடன் நிறுத்திக்கொண்டது. ஆனால் ஒற்றைக் கட்டளையில் திறக்கும் பூட்டு என்பதால், ஆண்ட்ராய்டின் திறந்த மூல வடிவமான லினியேஜ் ஓஎஸ்ஸின் தன்னார்வலர்கள் அதை ஆண்ட்ராய்டு 11 வரை கொண்டுபோனார்கள். யாரும் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

என் டேப்லெட்டுக்கும் அப்படி ஒரு மகராசன் கிடைத்தார். முகம் தெரியாது, ஊர் தெரியாது. கோப்பு கோப்பாகத் தடவி, எந்த இணைப்பு எங்கே போகிறது என்பதையும் பூட்டைத் திறக்கும் வழியையும் தன் ஓய்வு நேரத்தில் கண்டுபிடித்து லினியேஜ் ஓஎஸ்ஸை ஓட வைத்திருக்கிறார். கணினியோடு இணைத்து நானும் ஏற்றிவிட்டேன். அன்று முதல் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் நீங்கள் வைத்த எச்சரிக்கை ஐந்து வினாடி வருகிறது: பூட்டு திறக்கப்பட்டுவிட்டது, இந்தச் சாதனத்தை நம்ப முடியாது.

நம்பிக்கையைப் பற்றி யார் பேசுவது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா? நீக்கவே முடியாத பதினான்கு செயலிகளை வைத்து, அதிலொன்று விடியற்காலை ஐந்து மணிக்கு ராசிபலன் சொல்லி எழுப்பியதே, அப்போது ஏன் இந்த எச்சரிக்கை வரவில்லை?

வங்கிச் செயலியும் உங்கள் கட்சிதான். 2019-க்குப் பிறகு ஓட்டை அடைக்காத உங்கள் மென்பொருளில் சிரித்த முகமாகத் திறந்தது. ஓட்டை அடைத்த இந்த மென்பொருளில் ‘பாதுகாப்பற்ற சாதனம்’ என்று கதவைச் சாத்துகிறது. போகட்டும், இருப்பைப் பார்த்து மகிழ அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் புதுவிதி வைத்திருக்கிறது: ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்தாண்டு மென்பொருள் புதுப்பிப்புகள் கிடைக்க வேண்டுமாம். நான் அவ்வளவு பேராசைக்காரன் அல்ல. உங்களுக்குச் செலவே வைக்காத ஒன்றைத்தான் கேட்கிறேன். ஆதரவை நிறுத்தும் அதே நாளில் சாவியையும் முழு மூலநிரலையும் வெளியில் வைத்துவிடுங்கள். பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் சான்று பெற்ற டெவலப்பர்

பி.கு.: முன்பக்கக் கேமரா என்னைத் தலைகீழாகக் காட்டுகிறது. அதன் டிரைவரின் மூலநிரலை மட்டுமாவது அனுப்பிவையுங்கள். கூரியர் செலவு என்னுடையது.