குமரிக்கண்டத்தில் சிந்துபாத்

ஹொலிவூட் ஒருமுறை குமரிக்கண்டத்துக்குப் போய்வந்தது. 1973இல் வந்த ‘த கோல்டன் வோயேஜ் ஒஃப் சின்பாட்’ படத்தில் சிந்துபாத் கப்பலேறிப் போவது லெமூரியாவுக்கு. உரையாசிரியர் அடியார்க்குநல்லார் 49 நாடுகள் என்று கணக்குச் சொன்ன அதே நிலந்தான். அங்கே பச்சை நிற மனிதர் இருந்தார்கள், ஒற்றைக்கண் குதிரை மனிதன் இருந்தான், தமிழ் தெரிந்தவர் மட்டும் ஒருத்தரும் இல்லை. முதலிரு சங்கமும் கலைந்து புலவர்கள் மதுரைக்குப் போன பிறகு போயிருக்கிறார்கள் போல.

1990க்குப் பிறகு, மின்சாரமில்லாத நெல்லியடியில், இந்தப் படத்தை ஜெனரேற்றர் வைத்துப் பார்த்தோம். ரீவியும் டெக்கும் ஓரிரவு வாடகைக்கு வரும். மண்ணெண்ணெய் முடியுமுன் வாங்கிய கசற் எல்லாம் ஓடியாக வேண்டும். ரஜினிக்கும் விஜயகாந்துக்கும் நடுவில் சிந்துபாத் ஏறிக்கொண்டார். வசனம் விளங்கவில்லை என்று ஒருவரும் குறைப்படவில்லை. அந்த இரைச்சலில் தமிழ்ப்பட வசனமும் கேட்காது.

படத்தின் உச்சம் காளி. மந்திரவாதி ஏவ, ஆறு கைச் சிலை முதலில் ஆடும். பிறகு ஆறு கையிலும் வாளோடு சண்டைக்கு வரும். பொம்மையைத் துளித்துளியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் படமெடுத்து உயிர்கொடுத்தவர் ரே ஹரிஹவுசன். ஆட்டத்துக்கு மாதிரி காட்டியவர் தமிழ்ப் படங்களிலும் நடித்த சூரியகுமாரி. அதனால், நடனம் பழகிய எங்கள் பெரியக்காவுக்கே குறை சொல்ல வாய் வரவில்லை. ஆச்சிக்குத்தான் பொறுக்கவில்லை.

“காளிக்கு முன்னால சப்பாத்தோட நிக்கிறான், வெட்டாமல் என்ன செய்யும்?”

காளி விழுந்து நொறுங்கியதும் எழும்பியே விட்டா.

“பின்னமான விக்கிரகம் வீட்டில இருக்கப்படாது. விடிஞ்சதும் முதல் வேலையா கசற்றைக் கொண்டுபோய்க் குடு ராசா.”

காளி வெட்டி வெட்டி அசைவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். எங்களுக்குப் பயமும் வந்தது. சூரன்போர் பார்த்துப் பழகிய கண் அல்லவா? சூரனைத் தோளில் வைத்து ஆட்டுகிறவர்களின் வியர்வை தெரியும், தலையைக் கழற்றி மாற்றுகிற கை தெரியும். தெரிந்தும், சூரன் நம் பக்கம் திரும்பினால் பிள்ளைகள் அம்மாவின் சீலைக்குள் ஒளிவார்கள். இவ்வளவு பாடுபட்டு ஏமாற்றுகிறவர்களிடம் ஏமாறாமல் இருப்பது மரியாதை இல்லை.

இப்போதைய கம்பியூட்டர் பூதங்கள் மயிர்க்கால்வரை அச்சொட்டாக இருக்கின்றன. பிழை பிடிக்க இடமே இல்லை. பிழை பிடிக்க இடமில்லாத படத்தை ஒரு யாழ்ப்பாணத்தான் எப்படி ரசிப்பது?