பொட்டியக் கட்டிட்டியா, பேராண்டி?

வாடே, உக்காரு. சீனாவுக்கே போயி சீனம் படிக்கப் போறியாமே? ஊரு பூரா அதான் பேச்சு. கடுதாசி வந்த அன்னைக்கே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல ‘நீ ஹாவ்’னு போட்டுட்டியாம். சீனப் பேரும் வச்சாச்சாம்லா? நெட்டுல தேடி, டிராகன் ஒண்ணு, சக்கரவர்த்தி ஒண்ணு, ரெண்டையும் ஒட்டவச்ச பேரு. அங்கன போனா டீச்சரம்மா அதைப் படிச்சிட்டு வாயைப் பொத்திச் சிரிப்பா. பொறவு அவளே அடக்க ஒடுக்கமா மூணெழுத்துல ஒரு பேரு வச்சுக் குடுப்பா. மறுபேச்சுப் பேசாம வாங்கிக்க. பேரு வைக்கிறது பெரியவங்க சோலி.

இந்தக் கிழவனுக்கு என்ன தெரியும்னுதானே பாக்குத? மூத்தவன் மக பெய்ஜிங்லதான் படிச்சா. ராத்திரி ஆனா வீடியோல வந்து ஒரே பொலம்பல். அவ பொலம்பினதைக் கேட்டே நான் பாதிச் சீனாவைத் தெரிஞ்சுகிட்டேன். மீதிப் பாதி எனக்கு வேண்டாம், குளிரு ஆகாது.

காகிதச் சங்கதியை மொதல்ல முடிச்சிருவோம். அட்மிஷன் கடுதாசி ஒண்ணு, ஜேடபிள்யூ வரிசையில ஒரு படிவம் ஒண்ணு. ரெண்டையும் காட்டி விசா. ஆறு மாசத்துக்கு மேல படிக்கவனுக்கு எக்ஸ்1. அதைக் கையில வாங்குனதும் துள்ளாத. அது வாசல் தாண்டதுக்கு மட்டுந்தான். எறங்குன 30 நாளுக்குள்ள போலீஸ்ல குடியிருப்பு அனுமதிக்கு எழுதிக் குடுக்கணும். வெளிய ரூம் எடுத்தா 24 மணி நேரத்துக்குள்ள பக்கத்து ஸ்டேஷன்ல பேரைப் பதியணும். ஹாஸ்டல்னா அதுவும் இல்ல, அவியளே பாத்துக்கிடுவாவ. இம்புட்டுதான் சோலி. இதுக்கு எதுக்குடே உங்கப்பன் ஏஜென்டுக்குப் படியளக்கான்? பல்கலைக்கழகம் நேராவே விண்ணப்பம் வாங்குதே, கண்ணு தெரியலயா?

நீதான் மொத ஆளுன்னு வேற ஒரு நெனப்பு. 1950லயே கிழக்கு ஐரோப்பாப் பிள்ளைய பெய்ஜிங் வந்து, சிங்ஹுவா பல்கலைக்கழகத்துல சீனம் படிக்க உக்காந்துட்டாவ. 2018ல சீனா முழுக்க வெளிநாட்டு மாணவங்க 4,92,185 பேரு. எத்தனை நாட்டுல இருந்து தெரியுமா? 196. நம்ம நாட்டுப் பிள்ளைய அதுல பாதிக்கு மேல டாக்டருக்குப் படிக்கப் போனதுதான். அந்தப் பயலுவளும் ஆஸ்பத்திரியில சீனக் கிழவி கிட்ட எங்க வலிக்குன்னு கேக்கணும்லா? அதனால அவனும் சீனம் படிச்சே தீரணும். உன்னையத் தவிர எவனும் இதைக் கொண்டாடலடே.

இன்னும் பழைய கதை வேணுமா? இட்சிங்னு ஒரு சீனத்துத் துறவி. 671ல கப்பல் ஏறுனாரு, நாளந்தாவுக்கு. நேரா வந்து நாளந்தா வாசல்ல நிக்கலை. வழியில ஸ்ரீவிஜயத்துல எறங்கி ஆறு மாசம் சமஸ்கிருத இலக்கணம் படிச்சாரு. பொறவுதான் மேக்கொண்டு பயணம். பின்னால வாரவனுக்கும் அதையேதான் சொல்லிவச்சாரு: மொதல்ல அங்க தங்கி மொழியப் பழகு, அப்புறம் இந்தியாவுக்குப் போ. இப்ப சீனாவுல பட்டப்படிப்புக்கு உதவித்தொகை வாங்கிட்டு வாரவனை ஒரு வருசம் மொழி வகுப்புல உக்காத்துதாவ. புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி அதுக்கு ஒரு பேரு, ஒரு சான்றிதழ். நடக்கட்டும்.

சரி, எந்த ஊரு? பெய்ஜிங்கா? நெனச்சேன். பெய்ஜிங் மொழி, பண்பாட்டுப் பல்கலைக்கழகம். 1962ல வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காகவே ஆரம்பிச்சது. குட்டி ஐக்கிய நாட்டு சபைன்னு அதுக்குச் செல்லப் பேரு. பக்கத்துல வூதாவ்கோன்னு ஒரு முக்கு. அதுக்கு அங்க உள்ள பயலுவ வச்ச பேரு ‘பிரபஞ்சத்தின் மையம்’. கொரியாக்காரன் சாப்பாட்டுக் கடை, காப்பிக் கடை, பீர் கடை. எல்லா நாட்டு மொகமும் அங்கன பாக்கலாம். இதுலதான் இருக்கு கண்ணி. கிணத்துல நீச்சல் பழகப் போனவன் கூட்டாளியோட படிக்கட்டுல உக்காந்து பொரிகடலை தின்னுட்டு வந்த கதையா, பாதிப் பேரு ஒரு வருசம் அங்க இங்கிலீஷ் பேசிட்டு வாரான். போனப்ப ஓட்டை இங்கிலீஷ். வாரப்ப நல்ல இங்கிலீஷ். சீனத்துக்குப் பணம் கட்டிட்டு இங்கிலீஷ் படிச்சுட்டு வந்தவனை என்னன்னு சொல்ல?

அவனைக் கேட்டா ஒரு வார்த்தை வச்சிருக்கான், ‘இம்மெர்ஷன்’. முங்குறதாம். முங்கணும்னா ஒடம்பு நனையணும்லாடே?

நான் ஒண்ணு சொல்லுதேன். கொஞ்சம் தள்ளிப் போ. ஹார்பின்னு வடக்க ஒரு ஊரு. பேச்சு சுத்தமா இருக்கும்னு பேரு. குளிரு மைனஸ் இருபதுக்குக் கீழ போவும், மூக்கு இருக்கான்னு தொட்டுத்தான் பாக்கணும். குளிரு ஆகாதா, தெக்க குன்மிங் இருக்கு. வருசம் பூரா வசந்தம்னு சொல்லிக்கிடுவாவ. இங்கிலீஷ் தெரிஞ்ச மொகம் கம்மியா இருக்கிற ஊரு எதுவோ, அதான் உனக்கு நல்ல பள்ளிக்கூடம். ஆனா நீ போ மாட்ட. வூதாவ்கோல எடுத்த போட்டோவுக்கு லைக்கு ஜாஸ்தி.

வகுப்பு எப்பிடின்னு கேளு. மொத நாளு ஒரு பரீச்சை வச்சு எந்த வகுப்புன்னு பிரிப்பாவ. இங்க ஆப்புல முந்நூறு நாளு விடாம தட்டுனவன், நாந்தான் நடு வகுப்புன்னு போயி உக்காருவான். ஒரு பத்தி வாசிக்கச் சொன்னதும் பயபுள்ள அடி வகுப்புக்கு வந்து நிப்பான். காலை எட்டு மணிக்கு மணி அடிச்சிரும். கேக்க ஒரு வகுப்பு, பேச ஒரு வகுப்பு, வாசிக்க ஒரு வகுப்பு, எல்லாத்துக்கும் மேல பெரிய பாடம் ஒண்ணு. போன ஒடனே சொல்வதெழுதுதல். ஆமாடே, நீ ரெண்டாங்கிளாசுல எழுதுனியே, அதேதான். கட்டம் போட்ட நோட்டு. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் குறுக்கயும் நெடுக்கயும் புள்ளிக்கோடு. எழுத்து நடுவுல நிக்கணும், கோடு வரிசை தப்பாம வரணும். ஒரு புள்ளி விட்டாலும் செவப்பு மையி. டிகிரி முடிச்ச பயலுவ எழுத்தைப் பத்து பத்து தடவை எழுதிட்டு வருவானுவ. இதைத்தான்டே உங்க பள்ளிக்கூடத்துல செஞ்சப்ப ‘மனப்பாடக் கல்வி’ன்னு திட்டுனீங்க? அங்க போனா மட்டும் அது தியானம்.

பொறவு ஓசை. நாலு தொனி இருக்குன்னு உனக்கு யாரும் சொல்லியிருப்பாவ. ‘மாய்’னு கீழ எறக்கி மேல ஏத்துனா வாங்குறது. அதையே மேல இருந்து வெட்டி எறக்குனா விக்கிறது. சந்தையில போயி தப்பாச் சொல்லிட்டு நின்னா, நீ என்னத்த விக்க வந்தேன்னு கடைக்காரன் உன் பையைப் பாப்பான். ஆனா தொனியை விட நமக்கு வேற எடத்துல அடி விழும். நம்ம ‘ப’ ஒண்ணுதான். அவனுக்கு ரெண்டு, காத்து விடாதது ஒண்ணு, காத்து விட்டது ஒண்ணு. காத்து விடாமச் சொன்னா ‘வயிறு நெறஞ்சுட்டு’. காத்து விட்டுச் சொன்னா ‘ஓடிட்டேன்’. விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டுல எதைச் சொல்லுவ? டீச்சரம்மா ஒரு துண்டுக் காகிதத்தை உன் வாய்க்கு முன்னால தொங்கவிடுவா. ஒண்ணுக்குக் காகிதம் ஆடணும், இன்னொண்ணுக்கு ஆடப்படாது. எம் பேத்தி நாள்கணக்கா மூஞ்சிக்கு முன்னால காகிதத்தைப் புடிச்சுக்கிட்டுத் திரிஞ்சா. அவ ஆத்தா பயந்து போயி மந்திரிக்கணுமான்னு கேட்டா.

ஒரு நல்ல சேதியும் உண்டு. ‘ழ’ உலகத்துலயே நமக்கு மட்டுந்தான்னு மேடை போட்டுக் கத்துதாவல்லா? பெய்ஜிங்காரன் காலையில எந்திரிச்சதுல இருந்து அதைத்தான் நாக்குல உருட்டுதான். மனுசனுக்கு அவன் சொல்ற வார்த்தையே ‘ழென்’. நம்ம ஊருக்காரன்தான் வாளப்பளம் வாளப்பளம்னு சொல்லி அதைத் தொலைச்சுட்டான். பரவால்ல, அங்க போயி திரும்பப் படிச்சுக்க.

பரீச்சை, எச்எஸ்கே. பழைய கணக்குல ஆறு படி. அடிப்படிக்கு 150 வார்த்தை, நாலுக்கு 1200, ஆறுக்கு 5000. 2021ல புதுசா ஒம்பது படின்னு ஆக்கி, உச்சிக்கு 11,092ன்னு வச்சிட்டாவ. இதுல உங்க கூட்டத்துக்கு ஒரு வியாதி. படி எண்ணை நெத்தியில ஒட்டிக்கிட்டுத் திரியதுதான். ‘ப்ரோ, நான் அஞ்சு, நீ?’ அஞ்சு முடிச்ச ஒருத்தன் தொவைக்கிற மெஷின் ஓடலன்னு சொல்லத் தெரியாம அழுக்குத் துணியோட நின்னானாம். சுற்றுச்சூழல் மாசு பத்தி கட்டுரை எழுதத் தெரியும். சட்டை மாசைச் சொல்லத் தெரியல.

சரியான வாத்திச்சி யாருன்னு சொல்லுதேன் கேளு. ஹாஸ்டல் வாசல்ல ஒரு அம்மா உக்காந்திருப்பா. எல்லாரும் ‘ஆயி’ன்னு கூப்பிடுவாவ, சித்தின்னு வச்சுக்க. சாவிக்கொத்து, பூப்போட்ட டம்ளர்ல வெந்நி, யாரு எப்ப வந்தா எப்ப போனான்னு எல்லாக் கணக்கும் மண்டையில. எம் பேத்தி ரூமுக்குள்ள சின்னதா ஒரு கரண்டு அடுப்பு ஒளிச்சு வச்சிருந்தா, ரசம் வைக்க. அது அங்க ஆகாது. பெருங்காய வாசனை மாடிப்படி எறங்கிப் போயிட்டு. ஆயி மேல வந்து அடுப்பைத் தூக்கிட்டுப் போயிட்டா. இவ கீழ எறங்கிப் போயி கெஞ்சுதா. என்னத்தக் கெஞ்ச? தொனி பூராத் தப்பு. அந்தம்மா அடுப்பை மடியில வச்சுக்கிட்டு, ‘திரும்பச் சொல்லு’ங்கா. இவ சொல்லுதா. ‘இல்ல, திரும்பச் சொல்லு.’ ‘மன்னிச்சுக்கிடுங்க, இனிமே செய்ய மாட்டேன்’கிற ஒத்தை வரிக்கு, வாசல்ல போற வாரவன்லாம் வேடிக்கை பாக்க, அம்புட்டுப் பாடம். கடைசியில சுத்தமாச் சொன்னா. அந்தம்மா சிரிச்சு, ஒரு ஆரஞ்சு உரிச்சுக் குடுத்துச்சாம். அடுப்பைக் குடுக்கல. அந்த வரி மட்டும் எம் பேத்திக்கு இன்னைக்கும் பெய்ஜிங்காரி சொல்ற மாதிரியே வருது.

அந்த ஆயிக்கு எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் குடுத்துச்சு? நீ என்னடான்னா அவ வாசல்ல இருக்கையில காதுல குழாயை மாட்டிக்கிட்டு, சீன மொழிப் பாட்காஸ்ட் கேட்டுக்கிட்டே அவளைத் தாண்டிப் போவ.

சாப்பாட்டுக் கூடத்துலயும் ஒரு ஆயி உண்டு. கறியை அள்ளுனதும் அவ கைக்கு நடுக்கம் வந்துரும், பாதிக் கறி சட்டிக்கே திரும்பிரும். சீனப் பிள்ளைய நாடு பூரா இதைச் சொல்லிச் சிரிக்கும். நீ சைவம்னா இன்னும் கூத்து. கறி வேண்டாம்னு சொல்லி கத்தரிக்கா வாங்கிட்டு வந்து கிண்டிப் பாத்தா உள்ள கொத்துக்கறி கெடக்கும். கேட்டா, ‘இது கறியா, ருசிக்குல்லா போட்டது’ம்பா. முட்டை திம்பன்னா தக்காளியும் முட்டையும் போட்டுக் கெளறுனது ஒண்ணு இருக்கு, அதை வச்சே வருசத்தை ஓட்டிரலாம். ஆனா உள்ள என்ன கெடக்குன்னு ஒவ்வொரு சட்டியாக் காட்டிக் கேளு. பின்னால வரிசை நிக்கும், திட்டுவான். திட்டட்டும். அந்தத் திட்டும் பாடம்தான், காசில்லாம கெடைக்கு.

டாக்ஸியில ஏறுனா இந்தியாவான்னு கேப்பான். ஆமான்னா, ஒடனே ஆமிர்கான். 2017ல ‘தங்கல்’ அங்க ஓடுன ஓட்டம் அப்பிடி. பொறவு இந்தியில ஒரு பாட்டு பாடுன்னுவான். உனக்கு இந்தி தெரியாது. ஏன் தெரியாதுன்னு வீடு போய்ச் சேருறதுக்குள்ள சீனத்துல அவனுக்கு வெளங்க வச்சிட்டா, அதான்டே உன் பட்டமளிப்பு விழா. எறங்கையில ‘உன் சீனம் ரொம்ப நல்லாருக்கே’ன்னு சொல்லுவான். பூரிச்சுப் போயிராத. நீ ‘நீ ஹாவ்’ங்கிறதோட நிறுத்தியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பான். வந்தவனை வாழ்த்துறது அவிய பழக்கம். உச்சரிப்பு சரியில்லன்னு ஒருத்தன் எப்ப மொகத்துக்கு நேராத் திருத்துதானோ, அப்பதான் உன்னை மதிக்கான்னு அர்த்தம்.

ஆனா உனக்குத் திருத்துனா ரோசம் வந்துருமே. தப்பாப் பேசி நாலு பேரு சிரிச்சிருவாவளோன்னு பயம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. 1963ல பீகிங் வானொலி தமிழ்ல பேச ஆரம்பிச்சுது, தெரியுமா? சிற்றலையில பெட்டியைத் திருகித் திருகி நாங்க கேப்போம். சீனத்து ஆளுவ, தமிழ்ப் பேரு வச்சுக்கிட்டு, நம்ம பாசையில செய்தி வாசிச்சாவ. ஆப்பு இருந்துச்சா? யூடியூப் இருந்துச்சா? சிலது கொழகொழன்னுதான் இருக்கும், சிரிப்போம். சிரிச்சுக்கிட்டே கடுதாசி போடுவோம், அவியளும் பதில் போடுவாவ, காலண்டர் அனுப்புவாவ. நம்ம பக்கம் ஊருக்கு ஊரு நேயர் மன்றமே வச்சிருந்தானுவ. நாங்க சிரிக்கோம்னு அவிய நிலையத்தை மூடிட்டா போனாவ?

பட்டு உடுப்பு வாடகைக்கு எடுத்து பெருஞ்சுவர்ல போட்டோ எடுக்க வேண்டாம்னு நான் சொல்லல. எடு. தூரிகை புடிச்சு எழுதுற மாதிரியும் ஒண்ணு எடு. புத்தாண்டு விழாவுல வெளிநாட்டுப் பிள்ளைன்னு உன்னை மேடையேத்தி ஆடச் சொல்லுவாவ, ஆடிட்டு வா. அதெல்லாம் ஞாயித்துக்கிழமைச் சோலி. திங்கக்கிழமை எட்டு மணிக்கு அந்தக் கட்டம் போட்ட நோட்டோட வகுப்புல இருக்கியா, அதை மட்டும் சொல்லு.

சரி சரி, மூஞ்சியைத் தூக்காத. பெருங்காயம் ரெண்டு டப்பா எடுத்துக்க, அடுப்பு எடுக்காத. ஆறு மாசத்துல லீவுக்கு வருவல்லா? மேலத்தெரு மோட்டாருக்குப் புதுசா ஒரு பெட்டி மாட்டியிருக்கானுவ, பூராச் சீன எழுத்து. எந்தப் பொத்தானை அமுக்கினா ஓடும், எதை அமுக்கினா பொகையும்னு ஒருத்தனுக்கும் தெரியல. கோயில் கொடைக்குச் சீரியல் செட்டு வாங்குனோம், அதுலயும் அதே கூத்து. எல்லாத்தையும் உனக்குன்னு எடுத்து வச்சிருக்கோம்டே, வந்து படிச்சுச் சொல்லு.