ஒரே நாளில் ஓராயிரம் ஆண்டு

திருவனந்தபுரத்திலிருந்து புறப்படும் ஒருநாள் சுற்றுலாவைக் கண்டுபிடித்தவருக்குக் கோயிலே கட்டலாம். அதையும் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

காலையில் பத்மநாப சுவாமி. ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், வேட்டி கட்ட வேண்டும், செல்போனை வெளியே ஒப்படைக்க வேண்டும். இவற்றில் மூன்றாவதுதான் கடுந்தவம். பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல்கள் வழியே தரிசிப்பது மரபு. பேருந்து ஹாரன் அடித்தால் ஒரு வாசலே போதும். மோட்சத்துக்கும் கால அட்டவணை உண்டல்லவா? 2011-இல் நிலவறைகளில் எண்ணிய பொக்கிஷத்தை வழிகாட்டி விவரிக்கிறார். பயணிகளின் கண்களில் அப்போதுதான் பக்தி சுடர்விடுகிறது.

அடுத்து பத்மநாபபுரம் அரண்மனை. தலைமுறை தலைமுறையாகத் தச்சர்கள் இழைத்த மரவேலைக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குவது பெருந்தன்மையே. மந்திரசாலையின் பளபளக்கும் தரை செல்ஃபிக்கு உகந்தது.

பிறகு சுசீந்திரம், கன்னியாகுமரி, சூரிய அஸ்தமனம். “கேரளாவை முழுசா பார்த்தாச்சு!” என்று குடும்பங்கள் பூரிக்கின்றன.

பார்த்ததில் பெரும்பகுதி 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. அரண்மனையை மட்டும் கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை.