ஒத்தை இலைக்காரர்

காரவள்ளி அடிவாரத்தில் பிடித்த எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒருவழியாக முடித்து, செம்மேட்டில் வண்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றும்போதே அவர் சிரிக்க ஆரம்பித்துவிடுகிறார். யாரைப் பார்த்து என்று இல்லை. டீக்கடைக்காரரைப் பார்த்து, பஸ்ஸுக்கு நிற்கும் பாட்டியைப் பார்த்து, வல்வில் ஓரி சிலையைப் பார்த்து, மூட்டைமேல் படுத்திருக்கும் நாயைப் பார்த்து. சிரித்தே ஆளைக் கொல்லும் என்று சொல்லப்படும் கொல்லிப்பாவைக்கு அடுத்தபடியாக இந்தக் கொல்லிமலையில் இவ்வளவு சிரித்தவர் இவராகத்தான் இருக்க வேண்டும்.

வேறு என்ன செய்வார் பாவம், கைவசம் இருக்கிற ஒரே பாஷை அதுதான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, சொந்த ஊர் போபால் அல்லது கான்பூர். சில சமயம் ஜெர்மனியிலிருந்தும் வருவார். ஊரும் நிறமும் மாறுமே தவிர ஆள் ஒருவர்தான். தனியாக வருவார், பசியோடு வருவார், தமிழில் "வணக்கம்" மட்டும் தெரிந்து வருவார். வணக்கத்தை வைத்துக்கொண்டு மரியாதை வாங்கலாம், சோறு வாங்க முடியாது.

செம்மேட்டிலும் சோளக்காட்டிலும் மெஸ் நடத்துகிறவர்கள் இவரைத் தூரத்திலேயே கண்டுகொள்வார்கள். உள்ளே வந்ததும் உட்கார மாட்டார். நடுக்கூடத்தில் நின்றபடி சுவரில் இருப்பதையெல்லாம் படிக்கிற பாவனையில் நோட்டம் விடுவார். பிறகு துணிந்து ஒரு வரியைச் சுட்டிக்காட்டி, ஒரு விரலை நீட்டி, "ஒன்று" என்பார் சைகையில். அவர் ஒரு பிளேட் கேட்டது "கடன் அன்பை முறிக்கும்" என்ற வரியை. சப்ளையர் பையன் அதை அடுப்படிக்குச் சத்தம் போட்டுச் சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவான்.

அடுத்த உத்தி, மற்றவர்கள் இலையைப் பார்ப்பது. இதில்தான் ஆபத்து. நம் ஊரில் சாப்பிடுகிறவன் இலையை அப்படி உற்றுப் பார்க்கலாமா? பார்த்தால் வயிற்று வலி வரும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வைத்திருக்கிறோம். இவர் பார்க்கப் பார்க்க, மூலையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் இடது கையால் பொரியலை மறைத்துக்கொள்வார். அதையும் நட்பு என்று எடுத்துக்கொண்டு இவர் தலையாட்டுவார்.

ஜப்பானில் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். கடை வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் ஒவ்வொரு பதார்த்தத்தையும் பிளாஸ்டிக்கில் அச்சு அசலாகச் செய்து வைத்துவிடுவார்கள், விரலை நீட்டினால் போதும். 1958-இல் ஒசாகா பக்கம் யோஷியாகி ஷிராய்ஷி என்பவர் இன்னும் ஒரு படி மேலே போய், சுஷித் தட்டுகளை ஓடும் பட்டையில் ஏற்றி, சாப்பிடுகிறவர்கள் முன்னால் ஊர்வலம் விட்டார். வாயைச் சாப்பிட மட்டும் திறந்தால் போதும். செம்மேட்டு மெஸ்ஸில் ஓடும் பட்டை கிடையாது. அக்காதான் ஓடுவார்.

அக்கா என்றால் மெஸ்ஸின் சொந்தக்காரர். இவரை ஒரு நிமிடம் பார்ப்பார், "உக்காருங்க தம்பி" என்பார். அந்தக் குரலுக்கு எந்த நாட்டுக்காரனும் உட்கார்ந்துவிடுவான். இலை விழும். தெளிப்பதற்கு வைத்த தண்ணீரை அவர் குடித்துவிடுவார். அக்காவே தண்ணீர் தெளித்து, துடைத்து, சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றுவார். வாழ்க்கையே இவ்வளவுதான் என்று நினைத்து அத்தனை சோற்றையும் குழம்பிலேயே முடித்துவிட்டு அவர் நிமிர்வார். எதிரே அன்னக்கூடையோடு அக்கா. இன்னும் ரசம் வரவில்லை, மோர் வரவில்லை. கதை இப்போதுதான் இடைவேளையைத் தொட்டிருக்கிறது.

போதும் என்று காட்டுவதற்காக அவர் உள்ளங்கையை நீட்டுகிறார். பந்தியில் உள்ளங்கையை நீட்டினால் ரசம் ஊற்றுங்கள் என்று பொருள். ஊற்றுகிறார்கள். சூடு சற்று அதிகம்தான். அதற்கும் சிரிக்கிறார்.

இலையில் மிச்சம் வைக்கக் கூடாது என்று அவர் அம்மா சொல்லி வளர்த்திருக்கிறார். சாப்பிடுகிறவர் இலை காலியாகக் கிடக்கக் கூடாது என்று அக்காவின் அம்மா சொல்லி வளர்த்திருக்கிறார். ஒருவரையொருவர் பார்த்தேயிராத இரண்டு தாய்மார்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு ஒரு வயிறு படும் பாட்டை அன்று அந்தக் கூடமே பார்த்தது. அவர் வழித்துச் சாப்பிடச் சாப்பிட அக்கா போட்டுக்கொண்டே இருந்தார். பொரியலை மறைத்த பெரியவர்தான் கடைசியில் இரக்கப்பட்டு, தன் இலையைத் தன் பக்கமாக மடித்துக் காட்டிவிட்டு எழுந்து போனார். நம்மவர் அதை அப்படியே செய்தார். சோறு நின்றது. வேதாந்தம் புரிந்தவன் முகத்தில் கூட அப்படி ஒரு நிம்மதியை நான் கண்டதில்லை.

முட்டை கேட்டது தனிக்கதை. நாமக்கல் மாவட்டத்தில் முட்டைக்குப் பஞ்சமில்லை. லாரி லாரியாகக் கேரளாவுக்கும் கப்பல் ஏறி வளைகுடாவுக்கும் போகிறது. அப்படிப்பட்ட மண்ணில் ஒரு முட்டைக்காக ஒரு மனிதர் முழங்கைகளைச் சிறகாக அடித்து, அரைக்கால் மடக்கிக் குந்தி, எழுந்து, பின்னால் திரும்பித் தரையைப் பார்த்து ஆச்சரியப்பட்டுக் காட்ட வேண்டியிருந்தது. பையனுக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. இருந்தாலும் "இன்னொரு தடவ" என்று கையைச் சுழற்றினான். ஆம்லெட்டா, ஆஃப்பாயிலா, கலக்கியா என்ற கேள்வி அதற்குப் பிறகு வந்தது. கலக்கியை அபிநயம் பிடிக்க பரதமுனியே வந்தாலும் முத்திரை கிடையாது.

இவரைப் பார்த்துப் பரிதாபப்படுகிறவர்களுக்கு ஒரு சங்கதி சொல்ல வேண்டும். கொல்லிமலைக்கு வருகிறவர்களில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர் இவர்தான். சென்னையிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழோடு வருகிறவர்களைக் கவனியுங்கள். "அண்ணா, சில்லி பரோட்டா இருக்கா? கொத்து? நூடுல்ஸ்? சரி, சிக்கன் ரைஸாவது?" ஐந்து நிமிடம் குறுக்கு விசாரணை நடக்கும். ஒவ்வொன்றுக்கும் "இல்லீங்க" வாங்கிக்கொண்டு, "ஒண்ணுமே கெடைக்காதுப்பா இந்த ஊர்ல" என்று சிப்ஸ் பாக்கெட்டோடு கிளம்பிவிடுவார்கள். கேட்டது இருந்தால் சாப்பாடு, இல்லாவிட்டால் கோபம். கேட்கத் தெரியாதவருக்கு இந்த வம்பே கிடையாது. வீட்டில் என்ன இருக்கிறதோ அது அவருக்கு வந்துவிடுகிறது.

மலையில் வீட்டில் இருப்பது என்பது லேசான சமாசாரமில்லை. பரோட்டாவும் ஃப்ரைடு ரைஸும் கீழிருந்து வளைவு வளைவாக ஏறி வந்தவை. சாமையும் கேழ்வரகும் தினையும்தான் இந்த மக்களுக்குத் தலைமுறைகளாகச் சோறு போட்டவை. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளை நம்பி மரவள்ளி வந்தது, மிளகும் காபியும் காசு காட்டின, சாமைக்காடு சுருங்கிப்போனது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளிலிருந்து இங்கே தங்கிச் சிறுதானியங்களை மீட்கப் பாடுபட்டது. இன்றைக்கும் கடைப் பலகையில் களி இருக்காது, அக்கா வீட்டு அடுப்பில் இருக்கும். மதியம் மூன்று மணிக்கு, கடைச் சோறு தீர்ந்த பிறகு வந்து சிரித்துக்கொண்டு நிற்கிறவரை என்ன செய்வது? இல்லை என்று சொன்னாலும் புரியாது. அக்கா உள்ளே போய்த் தனக்கென்று வைத்திருந்த களியில் பாதியை உருட்டி, கீரைக் கடைசலை நடுவில் குழித்து ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார். அவர் அதை மென்றுகொண்டே இருந்தார். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்பதை எப்படிச் சொல்வது? அக்காவின் மாமியார் எதிரே வந்து உட்கார்ந்து, ஒரு உருண்டையைக் கிள்ளி, கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, மடக்கென்று இறக்கிக் காட்டினார். பாடம் முடிந்தது.

வழிப்போக்கருக்குச் சோறு போடுவது இந்த மலைக்குப் பழகிய வேலைதான். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என வரிசையாக வீழ்த்திய வேட்டுவன் ஒருவனைப் பாணர்கள் காட்டில் கண்ட கதையைப் புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் சொல்கிறார். தன் பெயரைத் தன் முன்னாலேயே அவர்கள் பாடக் கேட்டு அவன் நாணினானாம். பிறகு மான்கறியும் மதுவும் பொன்னும் கொடுத்து அனுப்பினானாம். அவன்தான் செம்மேட்டில் சிலையாக நிற்கும் ஓரி. அந்தப் பாணர்கள் யாழோடு வந்தார்கள். நம்மவர் கட்டைவிரலோடு வருகிறார். ஒவ்வொரு கவளத்துக்கும் அதை உயர்த்திக் காட்டுகிறார். அக்காவும் நாணத்தான் செய்கிறார்.

காசு கொடுப்பதும் பார்க்க வேண்டிய காட்சி. செல்போனைத் தூக்கிக்கொண்டு சிக்னலுக்காக ரோட்டு வரைக்கும் நடப்பார், திரும்பி வருவார், தோற்றுப்போய்ப் பர்ஸைத் திறந்து அக்காவிடம் அப்படியே நீட்டிவிடுவார். அக்கா அதில் ஒரு நோட்டை மட்டும் உருவி, மீதிச் சில்லறையைத் தானே உள்ளே செருகி, பர்ஸை மூடி, "பத்திரம்" என்று தட்டிக் கொடுப்பார். பெங்களூரில் இதே மனிதர் மூன்று கடவுச்சொல் இல்லாமல் ஒரு காபி வாங்க மாட்டார்.

மறுநாள் ஆகாய கங்கை. அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது இயற்கையை ரசிக்கலாம், ஏறும்போது முழங்காலைத் தவிர வேறெதுவும் நினைவில் இருக்காது. மேலே ஏறி வந்ததும் முடவாட்டுக்கால் சூப் காத்திருக்கும். பாறையிலும் மரத்திலும் தொற்றி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு அது. மேலெல்லாம் பழுப்பு மயிர், பார்த்தால் அசல் ஆட்டுக்கால். மேல்தோலைச் சீவி, மிளகும் சீரகமும் பூண்டும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டால் வாசனையும் ஆட்டுக்காலேதான்.

நம்மவரோ பரம்பரைச் சைவம். கிழங்கைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார். இது செடி என்று விளக்க, கடைக்காரர் முதலில் பாறையைத் தட்டிக் காட்டினார், பிறகு மரத்தைக் காட்டினார். பாறையும் மரமும் ஏறுகிற பிராணி என்று புரிந்துகொண்டார். முழங்கால் வலி போகும் என்று சொல்வதற்காகக் கடைக்காரர் தன் முழங்காலைத் தட்டி, காலை உதைத்துக் காட்டினார். உதைக்க உதைக்க வெட்டியிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டார். பையிலிருந்து பிஸ்கட் வெளியே வந்தது. இதில் அவர் நல்ல பரம்பரையைச் சேர்ந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1888-இல் லண்டனுக்குக் கப்பல் ஏறிய காந்தி, எதில் மாமிசம் இல்லை என்று ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சப்பட்டு, முள்கரண்டி பிடிக்கவும் தெரியாமல், கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் அறைக்குள்ளேயே தின்று பயணத்தை ஓட்டியதாகச் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். காந்திக்கு அந்தக் கப்பலில் இந்தச் சூப் கடைக்காரர் கிடைக்கவில்லை. இவர் விடுகிற ஆளில்லை. கத்தியை எடுத்து, மயிரைச் சீவி எறிந்து, கிழங்கை இரண்டாக நறுக்கி மூக்குக்கு நேரே நீட்டினார். எலும்பில்லை, ரத்தமில்லை. நம்மவர் இரண்டு டம்ளர் குடித்தார்.

சாயங்காலம் டீக்கடையில் அவருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரும் கிடைத்துவிட்டார். நாமக்கல் லாரி ஓட்டி ஓய்ந்த ஒருவர் இந்தப் பக்கத்து டீக்கடைகளில் எப்போதும் இருப்பார். கௌஹாத்தியிலிருந்து அகமதாபாத் வரை பாஷை தெரியாமல் தனியாகச் சாப்பிட்டே நரைத்தவர். "பேரு என்னத்துக்குங்க? நேரா அடுப்படிக்குப் போயிரணும். எது கொதிக்குதோ அதைக் காட்டணும். கொதிக்கறதைத் தின்னா வவுறு கெடாது" என்பது அவர் சித்தாந்தம். ஜப்பான்காரர்கள் பிளாஸ்டிக்கில் செய்து வைத்ததை இவர் நேரடி ஒளிபரப்பாகவே பார்த்திருக்கிறார். தாபாவில் கற்று, செக்போஸ்ட்டில் பட்டை தீட்டிய இந்தி அவருடையது: பாய்சாப், ரோட்டி, தால், கித்னா, லோடு, காலி.

"பாய்சாப், லோடு கித்னா?" என்று குசலம் விசாரித்தார். இந்தியைக் கேட்டதும் நம்மவருக்கு மடை உடைந்துவிட்டது. வளைவுகளைப் பற்றி, அருவியைப் பற்றி, கையில் ஊற்றிய ரசத்தைப் பற்றி, ஊரிலிருக்கும் அம்மாவைப் பற்றி, வேலையை விட்டுவிட்டு இங்கேயே மிளகுத் தோட்டம் போட்டுவிடலாமா என்பது பற்றிக் கண்கலங்கப் பேசிக்கொண்டே போனார். லாரிக்காரர் ஒரு சொல்லுக்கும் குறுக்கே பேசாமல் தலையாட்டிக் கேட்டார். முடிந்ததும் அக்கா பக்கம் திரும்பி, "தயிர் கேக்கறாப்ல" என்றார்.

ஊருக்குக் கிளம்புகிற நாளில் நம்மவர் மெஸ்ஸுக்கு வந்த தோரணையே வேறு. நடுக்கூடத்தில் நிற்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை, சிரிக்கக்கூட இல்லை. சப்ளையர் பையனிடம் ராத்திரியெல்லாம் பாடம் கேட்டிருந்தார் போலிருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தெளிவான தமிழில் சத்தமாகக் கேட்டார்:

"அக்கா, பரோட்டா இருக்கா?"

அக்கா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். நிமிர்ந்தும் பார்க்காமல், "ஆறு மணிக்கு மேலதான் தம்பி. பசிச்சா எதுத்தாப்ல பேக்கரில பன்னு இருக்கும், போய்ப் பாருங்க" என்றார்.

நம்மவருக்கு ஒன்றும் புரியவில்லை. லாரிக்காரரைப் பார்த்தார். லாரிக்காரர் மொழிபெயர்த்தார்:

"பாய்சாப், காலி."