விளக்கெண்ணெய் விமானி

எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை விடியலில் விளக்கெண்ணெய் வாசம் வந்தால், எந்த வீட்டிலோ பிள்ளைக்குப் பேதிக்குக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பிளேன் சார் கொல்லையில் எஞ்சினைக் கிளப்பிச் சோதனை பார்க்கிறார். எண்பது பங்கு மெத்தனால், இருபது பங்கு விளக்கெண்ணெய். இதுதான் அவருடைய ரிமோட் விமானத்தின் காலை ஆகாரம். மெத்தனால் எரிந்துவிடும். எண்ணெயில் பெரும்பகுதி எரியாமல் புகையோடு வெளியே வந்து இறக்கை, வால், அவர் சட்டை, எதிர்வீட்டுக் கொடியில் காயும் வேட்டி எல்லாவற்றின் மீதும் பாரபட்சம் இல்லாமல் படியும்.

எங்கள் வண்டியூருக்கும் பறப்பதற்கும் பழைய உறவு உண்டு. சித்திரைத் திருவிழாவில் ஆற்றில் இறங்கிய அழகர் இங்கே வந்து தங்கி, தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் எழுந்தருளித்தான் மண்டூக முனிவரின் சாபத்தைத் தீர்க்கிறார். “கருடனுக்கு அடுத்தாப்புல இந்த ஊர்ல பறக்குறது நம்மதுதான் தம்பி” என்பார் சார். “கருடன் ஒருதடவைகூட முள்ளுக்காட்டுல விழுந்ததில்லையே சார்” என்று வாய் தவறிச் சொன்னேன். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

பிளேன் சாரைத் தனி ஆள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு வகை. கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்து, மெய்யான விமானத்தில் ஏற்றுவார்கள் என்று நம்பி, கையில் மரத்துண்டும் பசையும் கொடுக்கப்பட்டு, ஆயுளுக்கும் அதிலேயே ஒட்டிக்கொண்டவர்கள். அந்தக் காலத்தில் விமானத்தை இரண்டு கம்பியில் கட்டி, நடுவில் நின்று சுற்றிச் சுற்றி விடுவார்களாம். மாடு ஓட ஓட, செக்குக்குக் கிறுகிறுப்பு. கொல்கத்தாவில் செய்த அரோரா எஞ்சின். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் கலந்த எரிபொருள். ஈதர் வாசத்தில் பாதி மயக்கம், சுற்றியதில் மீதி. அது நாற்பது வருடமாகியும் தெளியவில்லை. நடுவில் ஓர் அரசாங்க வேலை, ஒரு கல்யாணம், இரண்டு பிள்ளைகள் எல்லாம் நடந்திருக்கின்றன. பெரிய மகள் எப்போது பிறந்தாள் என்று கேட்டால், “நம்ம டாரஸ் கெணத்துல விழுந்த வருசம்” என்பார். டாரஸ் என்பது விமானத்தின் பெயர்.

ட்ரோன் என்ற சொல்லை மட்டும் அவர் முன்னால் உச்சரிக்கக் கூடாது. “அது நாலு ஃபேனைச் சேத்துக் கட்டுனது தம்பி. நீ கையை எடுத்தாலும் அந்தரத்துல நிக்குது. கையை எடுத்தா விழணும். அதுக்குப் பேருதான் விமானம்.”

விமானத்திலும் 1976க்குப் பிறகு வரைந்த எதுவும் அவருக்கு ஆகாது. இது அவருடைய சொந்தக் கிறுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் ஏறக்குறைய இதே கோட்டைக் கிழித்து, பழைய சாகச விமானங்களுக்கு மட்டும் போட்டி நடத்தும் சங்கமே இருக்கிறது என்று தெரிந்த பிறகு கொஞ்சம் ஆறுதல். அவருடைய குலதெய்வம் பில் கிராஃப்ட். 1967இல் கார்சிகா தீவில் நடந்த உலகப் போட்டியில் ‘க்விக் ஃப்ளை’யைப் பறக்கவிட்டு ஜெயித்த மனிதர். ரேடியோவும் சொந்தத் தயாரிப்பு. கார்சிகா என்றதும் சார் தாவிவிடுவார். 1910இல் பல்லாவரத்தில் விமானம் ஓட்டிக் காட்டிய சென்னை ஹோட்டல்காரர் டி’ஆஞ்சலிஸும் கார்சிகாக்காரர்தானே? ஆகவே கார்சிகா, தமிழ்நாடு, ஆகாயம் என்று ஒரு முக்கோணம் போடுவார். அந்த முக்கோணத்துக்குள் வண்டியூர் எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது.

சென்ற வருடம் க்விக் ஃப்ளை செய்யப் புறப்பட்டார். முழு அளவு வரைபடம் வேண்டும். இறக்கை ஏறக்குறைய ஐந்தடி. அவ்வளவு நீளத்துக்கு அச்சடிக்க மதுரையில் எங்கே போவது? பிளக்ஸ் கடைக்குத்தான். காதணி விழா, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று காத்திருந்தவர்களுக்கு நடுவே இவர் பென்டிரைவை நீட்டினார். கடைப் பையன் திரையைப் பார்த்தான்.

“சூப்பர்ணே. போட்டோ எங்க வைக்கணும்?”

“போட்டோ வேணாம்ப்பா. கோடு மட்டும்.”

“பேரு?”

“பேரும் வேணாம்.”

பேரும் போட்டோவும் இல்லாத பிளக்ஸை மதுரையில் யார் அடித்திருக்கிறார்கள்? பையனுக்கு மனசு கேட்கவில்லை. மூலையில் இரண்டு ரோஜாவும் ஒரு புறாவும் இலவசமாகப் போட்டுக் கொடுத்தான். அந்தப் பிளக்ஸை மேசையில் விரித்து, அதன்மேல் பாலித்தீன் தாள் போட்டு, மரச்சட்டங்களைக் குண்டூசியால் குத்தி நிறுத்தி ஒட்டினார். ரோஜா இருந்த மூலையில் பாலித்தீன் எட்டவில்லை. வாலைப் பெயர்த்து எடுத்தபோது ஒரு ரோஜாவும் மரத்தோடு வந்துவிட்டது.

மரம் என்றால் கண்ட மரமும் உதவாது. பால்சா. ஈக்வடாரிலிருந்து வர வேண்டும். தாவரக் கணக்கில் அது நம்மூர் இலவ மரத்துக்குச் சொந்தம், காயில் பஞ்சுகூட உண்டு. 2020 வாக்கில் காற்றாலை இறக்கைக்கு உள்ளே வைக்கவென்று உலகமெங்கும் பால்சாவை அள்ளிக்கொண்டு போனார்கள். விலை எகிறியது. அன்றுமுதல் நாகர்கோவில் பஸ்ஸில் போனால் முப்பந்தல் காற்றாலைகள் வரும்போது சார் ஜன்னல் வழியே முறைத்துக்கொண்டே வருவார். “அம்புட்டும் என் மரம்.” பார்சலுக்காக அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது இலவு காத்த கிளிக்கும் அவருக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். கிளி யாருக்கும் போன் போட்டுத் திட்டவில்லை.

எலும்புக்கூடு ஆனதும் தோல் போர்த்த வேண்டும். ஒருவகைப் பிளாஸ்டிக் பிலிம், சூடு பட்டால் சுருங்கி முரசுத்தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். சூடு வைக்க வீட்டு இஸ்திரிப் பெட்டி. ஒருநாள் உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல்: “ஏங்க, எம் பட்டுப்புடவைல ஆரஞ்சு கலர் ஒட்டியிருக்கு.” சார் பதறிக்கொண்டு ஓடினார். புடவையைப் பார்க்கவில்லை. பெட்டியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, “அடடா, அரையடி பிலிம் போச்சே” என்றார். அன்று இரவு அவருக்கு ஹோட்டல் சாப்பாடு.

தெருப் பையன்களிடம் அவருக்கு மரியாதை தேடிக் கொடுத்தவர் நடிகர் அஜித்குமார். அவருக்கும் இந்த ரிமோட் விமானக் கிறுக்கு உண்டு. சென்னை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்‌ஷா குழுவுக்கு அவர் ஆலோசகராக இருந்ததும், 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் அந்தக் குழு இரண்டாமிடம் வந்ததும் செய்தியானது. “சார், தலயும் உங்கள மாதிரித்தானாம்ல?” என்று பையன்கள் வந்து நின்றார்கள். தக்‌ஷா என்றால் ட்ரோன் என்பது சாருக்குத் தெரியும். தொண்டை வரை வந்ததை விழுங்கிவிட்டு, “ஆமடா” என்றார். கொள்கைக்கும் வாரத்தில் ஒருநாள் லீவு வேண்டாமா?

வண்டியூருக்குள் பறக்கவிட வழியில்லை. கண்மாய்க் கரையில் நடைப்பயிற்சிக் கூட்டம், தெப்பக்குளத்தைச் சுற்றித் தின்பண்டக் கூட்டம். போதாததற்குச் சட்டம். 2021 ட்ரோன் விதிகளின்படி, விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வளையத்தில் 200 அடிக்கு மேலே போனால் மஞ்சள் மண்டலம், அனுமதி வாங்க வேண்டும். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரமே ஏறக்குறைய 170 அடி. “அதுக்கு மேல மிச்சம் முப்பதடி. அதுக்குள்ள என்னத்த லூப் அடிக்கிறது?” ஆனால் அவருடைய நிஜமான வருத்தம் உயரம் அல்ல. தன் விமானத்தையும் ட்ரோன் விதியிலேயே சேர்த்துவிட்டார்களே என்பதுதான்.

ஆகவே வரிச்சியூர் பக்கம், அறுவடை முடிந்த வயல். க்விக் ஃப்ளையின் முதல் பறத்தலுக்கு நானும் போனேன். அவருடைய மொபெட்டில் முன்னால் உடல், பின்னால் நான், என் மடியில் இறக்கை. வண்டி நாற்பதைத் தொட்டதும் இறக்கை தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. கருப்பாயூரணி தாண்டும்போது நான் சீட்டில் உட்கார்ந்திருந்தேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். “பாத்தியா, லிஃப்ட் நல்லா இருக்கு” என்று சார் சந்தோஷப்பட்டார்.

வயலில் எஞ்சின் உடனே கிளம்பவில்லை. சுழல்விசிறியை விரலால் தட்டிவிட வேண்டும். தட்டினார், தட்டினார், பதினோராவது தட்டில் அது திருப்பித் தட்டியது. அவருடைய வலது ஆள்காட்டி விரலில் எப்போதும் பிளாஸ்திரி இருப்பதன் காரணம் விளங்கிற்று. பிறகு ஓடியது, எழுந்தது. பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. விடிகாலை வெயில் ஆரஞ்சு பிலிமுக்குள் புகுந்து விலாச் சட்டங்களையெல்லாம் எண்ணிக் காட்டிற்று. வாலில் ரோஜாகூடத் தெரிந்தது. ஒரு லூப், இரண்டு ரோல். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கம்பை ஊன்றி அண்ணாந்து நின்றார்.

“நம்மளைவிட்டுப் போறப்ப சொன்ன பேச்சு கேக்கும் தம்பி. நம்மளப் பாத்து வர்றப்ப இடது வலதாயிரும். எந்த றெக்கை சாயுதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு, முட்டுக் குடுத்த மாதிரி நிமிரும்” என்று பாடம் நடத்திக்கொண்டே விமானத்தைத் தலைகீழாகப் புரட்டினார். தலைகீழாகப் போகும்போது ஏற வேண்டுமானால் குச்சியை முன்னால் தள்ள வேண்டும். பழக்கதோஷம், இழுத்துவிட்டார். விமானம் சொன்னதைச் செய்தது. நேராகச் சீமைக்கருவேலங்காட்டுக்குள் போய்ச் சேர்ந்தது.

மூன்று மாத வேலை, நாலு நிமிடப் பறத்தல். “விழுந்துருச்சாய்யா?” என்று பெரியவருக்கே கண் கலங்கிவிட்டது. ஆறுதல் சொல்லலாம் என்று நான் சாரைத் திரும்பிப் பார்த்தேன். பறந்த நாலு நிமிடமும் பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற புருஷன் மாதிரி இருந்த முகம், இப்போது தெளிந்து கிடந்தது. தயாராக மடித்துக் கொண்டுவந்திருந்த அரிசிச் சாக்கை உதறிக்கொண்டு, விசிலடித்தபடி முள்ளுக்குள் நுழைந்தார். “விலா எல்லாம் நல்லாத்தான் இருக்கு. மூக்கைப் புதுசாப் போடலாம். இந்தத் தடவை வாலை ஒரு அங்குலம் நீட்டிப் பாக்கலாம் தம்பி...” பறப்பது இவருக்குப் பிடித்த காரியமே அல்ல என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அடுத்ததைச் செய்ய வேண்டுமானால் இதைப் பறக்கவிட்டுத்தானே ஆக வேண்டும்?

சாக்கில் எல்லாம் சேர்ந்துவிட்டது, வாலின் வலதுபாதி மட்டும் அகப்படவில்லை. வரிச்சியூர் பக்கம் முள் வெட்டப் போகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள் கண்ணில் பட்டால் மிதித்துவிடாதீர்கள். முழங்கை நீளம், ஆரஞ்சு நிறம், உள்ளே ஒரு ரோஜாப்பூ தெரியும். கொண்டுவந்து கொடுங்கள். விலாசம் வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் வண்டியூருக்கு வந்து மூக்கு காட்டும் வழியில் நடந்தால் போதும்.